மூன்றாம் சுருளில் தவசி

பழைய ஊமைப் படத்துக்குக் குரல் ஒட்டுவது நல்லதா கெட்டதா என்று அந்தக் காலத்தில் யாராவது என்னிடம் கேட்டால், கேட்டவனை முழுசாகப் பேசவே விடமாட்டேன். "ஏலே, வாய் இல்லாதவனுக்கு ஒருத்தன் வாய் குடுக்கான். அதுல நல்லதென்ன, கெட்டதென்ன?" என்று எகிறுவேன்.

நான் தாவீதுராஜ், பாளையம்பட்டிக்காரன். சங்கரபாண்டியன் முதலாளியின் டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டுகிறவன். பதினெட்டு வயதில் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஊமைப் படம் ஓட்டி, தோள்பட்டை வீங்கிப் படுத்தவன். மிசினுக்கு மோட்டாரும் ஒலிப்பெட்டியும் வந்த அன்றைக்குக் கோயிலில் முழங்கால் போட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். ஆகவே புதுசு என்றால் எனக்கு உயிர். "அந்தக் காலத்துப் படம் மாதிரி வருமா" என்று உச்சுக் கொட்டுகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

நாற்பத்தெட்டாம் வருஷம் சித்திரை மாசம். அருப்புக்கோட்டையில் அடித்த சூறைக்காற்று எங்கள் கொட்டகைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. முதலாளி அலைந்து திரிந்து காலியாகக் கிடந்த ஒரு மிளகாய் வற்றல் கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்தார். நாலு பக்கமும் சுவர், மேலே ஓடு. கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. அதனால் மத்தியானம் மூன்று மணிக்கே ஆட்டம் போட்டோம். ஒரே ஒரு தொந்தரவு, வற்றல் நெடி. கதாநாயகி அழும்போது ஜனங்கள் தும்முவார்கள்.

அப்போதுதான் ஒரு ராஜா படம் வந்தது. அந்தப் படத்துக்கும் எங்கள் சீமைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனிக்காரர்கள் பரளச்சிப் பக்கத்துக் கரிசல் காட்டில் கூடாரம் போட்டு, அதில் வரும் சண்டையை எடுத்தார்கள். காட்டில் உழுதுகொண்டிருந்த சம்சாரிகளைப் பிடித்து அட்டைக் கவசம் மாட்டி, கையில் மரஈட்டி கொடுத்து, "செத்து விழுங்க" என்றார்கள். விழுந்தார்கள். படம் மதுரையில் பத்து நாள் ஓடியதோடு சரி. எங்கள் பக்கம் வரவே இல்லை. அப்புறம் பேசும் படம் வந்துவிட்டது, இதைத் தகரப் பெட்டியில் போட்டு மூடிவிட்டார்கள். இப்போது மதராஸில் வேறொரு கம்பெனி அதைத் தூசு தட்டி எடுத்து, ஆள் வைத்துப் பேசி, வாத்தியம் சேர்த்து, குரல் ஒட்டி அனுப்பியிருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டீஸை நானே எழுதினேன். "இருபது வருஷம் வாய் மூடியிருந்தவர்கள் வாய் திறக்கிறார்கள்! நம் பரளச்சி வீரர்கள் பேசுவதைக் கேட்க வாருங்கள்!" மாட்டு வண்டியில் கொட்டடித்துக்கொண்டு ஒரு பக்கம் காரியாபட்டி, மறுபக்கம் பரளச்சி வரைக்கும் போய் நோட்டீஸ் கொடுத்தோம். எழுதின என் கை அன்று எனக்குத் தங்கமாகத் தெரிந்தது.

முதல் ஆட்டத்தன்று காலை பத்து மணிக்கே இரண்டு பெண்கள் வந்து கிட்டங்கி வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்திக்கு நாற்பது, நாற்பத்திரண்டு இருக்கும். மற்றவள் இருபது வயதுப் பெண். காலெல்லாம் செம்மண்ணும் கரிசலும் அப்பிக் கிடந்தது. நான் உள்ளே மிசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, எனக்குள் முணுமுணுத்தேன். மூன்று மணி ஆட்டத்துக்குப் பத்து மணிக்கே வந்து உயிரை வாங்குதுக, சரியான காட்டுச் சனம் என்று. அவர்களுக்கும் எனக்கும் இருபதடி தூரம். சத்தமே வரவில்லை, உதடு அசைந்ததுதான்.

அந்தச் சின்னப் பெண் என்னையே பார்த்தாள். பிறகு பெரியவளைத் தொட்டு, கையால் என்னமோ காட்டி, வாயை ஓசையில்லாமல் அசைத்தாள். பெரியவள் எழுந்து விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

"ஏய்யா, நாங்க காட்டுச் சனந்தான். ஒம்ம தலையிலயா உக்காந்திருக்கோம்?"

எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தேன். "யக்கா, நான் ஒண்ணுமே பேசலையே!"

"எம்மக அழகுத்தாய்க்குக் காது கேக்காது. பொறவியிலேயே. ஆனா வாய் அசஞ்சாப் போதும், என்ன பேசுறாகன்னு பிடிச்சிருவா. எங்க ஊர்ல இவ இருக்கிற பக்கம் ஒருத்தரும் பொறணி பேசமாட்டாக."

வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, பானைத் தண்ணீர் மோந்து கொடுத்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டு அந்த அம்மாள் சொன்னாள். பேர் முத்துத்தாய். பரளச்சியிலிருந்து கோழி கூப்பிடக் கிளம்பி நடந்தே வந்திருக்கிறார்கள்.

"எங்க வீட்டுக்காரர் தவசி அந்தப் படத்துல இருக்காக தம்பி. ஈட்டி குத்திச் செத்து விழுவாக. நான் கஞ்சி கொண்டுபோயி அந்தப் படம் பிடிக்கிற மிசின்காரன் பின்னாலதான் நின்னேன். இவ வயித்துல ஏழு மாசம். விழுந்து கெடந்தவுக என்னையப் பாத்து என்னமோ சொன்னாக. வாயைப் பெருசா தொறந்து சொன்னாக. ஒரே கொட்டுச் சத்தம், கேக்கல. சாயங்காலம் கேட்டேன், என்னங்க சொன்னீகன்னு. 'அதத்தான் மிசின்ல பிடிச்சுட்டுப் போயிட்டான்ல, படம் வரும்போது கேட்டுக்க'ன்னு சிரிச்சாக. மறு மாசம் வாந்திபேதி. ரெண்டே நாள். இவ மொகத்த அவுக பாக்கல, இவளும் அவுக மொகத்தப் பாக்கல. ஒரு போட்டோ கூடக் கெடையாது."

பிறகு மடியிலிருந்து எதையோ எடுத்துப் பிரித்தாள். நான் எழுதிய நோட்டீஸ்.

"கொரல் வந்துருச்சுன்னு போட்டிருக்கீக. அவுக சொன்னது கேக்கும்லய்யா?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பேசியிருப்பது மதராஸில் எவனோ ஒருவன், ஒன் புருசன் இல்லை தாயி என்று சொல்லியிருக்க வேண்டும். தவசியும் பாவம், மிசின் குரலையும் சேர்த்துப் பிடிக்கும் என்று நம்பியிருக்கிறான். நம்ப வைத்தவன் யாரோ, அந்தப் பாவம் யாரைச் சேரும் என்று தெரியவில்லை. ஆனால் இவளை நம்ப வைத்தவன் நான்தான். அப்படியும், "கேக்கும்க்கா, எல்லாம் கேக்கும்" என்று சொல்லிவிட்டு எண்ணெய்க் குப்பியைத் தேடுவது போல நகர்ந்துவிட்டேன்.

மூன்று மணிக்குக் கிட்டங்கி நிரம்பி வழிந்தது. பரளச்சியிலிருந்து மட்டும் ஏழு வண்டி. சித்தப்பனைப் பார்க்க, மாமனைப் பார்க்க, தன்னையே பார்க்க என்று வந்திருந்தார்கள். வெளியே ஆயில் எஞ்சின் தடதடக்க, நான் மோட்டாரைப் போட்டேன். சங்கு ஊதியது, முரசு அதிர்ந்தது. ஜனங்கள் ஆவென்று பார்த்தார்கள். என் நெஞ்சு பெருமையில் விம்மியது.

ஆனால் திரையில் எல்லாரும் ஓடினார்கள். ராஜா ஓடினார், ராணி ஓடினாள், மந்திரி ஓலையைப் படபடவென்று பிரித்து வெடுக்கென்று மூடினார். குரல் நிதானமாக ஒரு பக்கம் போகிறது, ஆட்கள் வெந்நீர் ஊற்றின மாதிரி துடிக்கிறார்கள். பிள்ளைகள் சிரித்தன. பழைய படமென்றால் அப்படித்தான் இருக்கும் என்று நான் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாம் சுருளில் சண்டை வந்தது. கரிசல் புழுதி, உடைமரங்கள், அட்டைக் கவசத்தில் நம் ஆட்கள். ஒருவன் ஈட்டி பட்டு மல்லாந்து விழ, அவன் முகம் திரை முழுக்க வந்தது. மீசை, கன்னத்தில் ஒரு தழும்பு. வெடவெடவென்று வாய் அசைந்தது. அதன் மேல் கணீரென்று ஒரு நாடக மேடைக் குரல்: "மன்னர் மன்னா! தாய்நாட்டின் பொருட்டு அடியேன் இன்னுயிர் நீத்தேன்!"

கிட்டங்கியே கைதட்டியது. விசில் பறந்தது.

"அது அவுக கொரல் இல்ல!"

முத்துத்தாய் எழுந்து நின்று கத்தினாள். வெளிச்சம் அவள் தலையில் பட்டு, திரையில் அவள் நிழல் விழுந்தது. "எவன்டா அவன் எம்புருசன் வாயில பேசுறது? அவுக கொரல எங்கடா வச்சிருக்கீக?" பின்னாலிருந்து "உக்காரு உக்காரு" என்று கூப்பாடு. அவள் உட்காரவில்லை. மகள்தான் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

ஆட்டம் முடிந்தது. மற்ற ஊர்க்காரர்கள் கலைந்தார்கள். பரளச்சி ஆட்கள் வண்டி பூட்ட வெயில் தாழட்டும் என்று அங்கேயே இருந்தார்கள். முத்துத்தாய் என் மிசின் முன்னால் வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"கேக்கும்னு சொன்னீகளேய்யா" என்றாள். அவ்வளவுதான்.

எனக்குத்தான் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "யக்கா, அந்தக் காலத்து மிசின் மொகத்தத்தான் பிடிக்கும், கொரலப் பிடிக்காது! ஒம்ம புருசன் பேசுனது அன்னிக்கே காத்தோட போச்சு! நான் எங்க போயிக் கொண்டாருவேன்?" என்று கத்தினேன்.

அழகுத்தாய் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கத்தி முடித்ததும் தலையை ஆட்டினாள், இல்லை என்று. தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். பிறகு இரண்டு விரலை வைத்து, உள்ளங்கை மேல் குடுகுடுவென்று ஓடவிட்டாள். தாய்க்காரி பார்த்துவிட்டுச் சொன்னாள். "அந்த மெட்ராசுக்காரன் பேசுனது அவுக வாயில வரலையாம். அவுக வேற என்னமோ சொல்றாகளாம். ஆனா வாய் ஓடுதாம். இவளாலே பிடிக்க முடியலையாம்."

ஓடுகிறது.

சத்தியமாகச் சொல்கிறேன், என் உச்சந்தலையில் யாரோ நறுக்கென்று குட்டின மாதிரி இருந்தது. பதினெட்டு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த சங்கதி! ஊமைப் படத்தை எடுக்கிறவன் கையால் சுற்றி எடுத்தான், நொடிக்குப் பதினாறு படம். ஓட்டுகிறவனும் கையால் அதே கணக்கில் ஓட்டினான். குரல் வந்த பிறகு மோட்டார் நொடிக்கு இருபத்துநாலு ஓட்டும், ஓட்டியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் குரல் இழுபடும். மதராஸ்காரன் பழைய படத்தின் ஓரத்தில் குரலை மட்டும் ஒட்டி விட்டுவிட்டான். செத்து விழுந்த தவசியை ஓட ஓட விரட்டியிருக்கிறோம்.

மோட்டாரின் பட்டையைக் கழற்றினேன். ஒலிப்பெட்டியை அணைத்தேன். சாமான் பெட்டியின் அடியிலிருந்து பழைய கைப்பிடியைத் தேடி எடுத்து மிசினில் மாட்டினேன்.

முதலாளி ஓடிவந்தார். "ஏலே தாவீது, கிறுக்கு பிடிச்சிருச்சா? மெதுவா ஓட்டுனாப் படம் எரிஞ்சுரும்டா!" அவர் சொன்னது பொய்யில்லை. அப்போதைய படச்சுருள் கற்பூரம் மாதிரி. விளக்குச் சூட்டில் ஒரு இமைப்பொழுது நின்றாலும் பொசுக்கென்று பற்றிக்கொள்ளும். "எரிஞ்சா கம்பெனிக்காரன் என்னையக் கோர்ட்டுக்கு இழுப்பான். ஒன்னைய நானே தீயில போடுவேன்."

"போடுங்க மொதலாளி. இந்த ஒரு சுருளு மட்டும். நானு இந்தம்மாகிட்டப் பொய் சொல்லிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார், முத்துத்தாயைப் பார்த்தார். வைதுகொண்டே போய் இரண்டு சாக்கைத் தண்ணீரில் நனைத்து எடுத்துவந்து மிசின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

விளக்கைக் குறைத்து வைத்தேன். கதவைச் சாத்தினார்கள். நொடிக்கு இரண்டு சுற்று. அந்தத் தாளம் தப்பாமல் இருக்க, அந்தக் காலத்தில் செய்தது போலவே ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடுகிற ஒரு பாட்டின் மெட்டை வாய்க்குள் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தேன்.

அப்போது கண்டதை எப்படிச் சொல்வேன்!

சற்று முன்னால் வெடவெடத்த பொம்மைகளெல்லாம் மனுஷர்களாகிவிட்டார்கள். புழுதி எழும்பி, காற்றில் நின்று, மெல்ல மெல்ல இறங்கியது. ஒரு மாடு தூரத்தில் தலையைத் திருப்பிப் பார்த்தது, ஓட்டத்தில் அதை நான் கவனிக்கவே இல்லை. ஆட்கள் நடந்தார்கள். உழவு காட்டில் கட்டி மிதித்து நடக்கிற நடை, பரளச்சி நடை. கவசம் மாட்டினாலும் அது மாறவில்லை. இருட்டில் யாரோ, "ஏலே, நம்ம சித்தப்பன்டா! அந்தச் சாய்ஞ்ச நடையப் பாரேன்" என்றான். இன்னொருவன், "அய்யோ, எங்கண்ணன்" என்றான். வேறு சத்தம் இல்லை. முரசு இல்லை, சங்கு இல்லை. மிசினின் கரகரப்பு மட்டும். ஒருத்தரும் தும்மக்கூட இல்லை.

வாழ்நாளெல்லாம் படம் ஓட்டியவன் நான். அன்றைக்குத்தான் படத்தைப் பார்த்தேன். இருபது வருஷத்துக்கு முந்திய ஒரு மத்தியானம், அதே வேகத்தில், அதே மூச்சில், என் கைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

தவசி விழுந்தான். முகம் வந்தது. கண்ணைத் திறந்து, நேரே பார்த்தான். எங்களைப் பார்த்தான் என்றுதான் ஒவ்வொருவருக்கும் இருந்திருக்கும். வாயைப் பெரிதாகத் திறந்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு, செத்தவன் சிரிக்கக் கூடாது என்பது ஞாபகம் வந்து சட்டென்று கண்ணை மூடிக்கொண்டான்.

சுருள் முடிந்தது. கதவைத் திறந்தார்கள். வெளிச்சத்தில் கண் கூசியது.

அழகுத்தாய் எல்லாருக்கும் முன்னால், தாயைப் பார்த்துத் திரும்பி நின்றாள். உள்ளங்கையை நெற்றிக்கு மேல் பிடித்து மேலே பார்த்து முகத்தைச் சுளித்தாள். கையை ஆட்டினாள், வேண்டாம் என்று. பிறகு வயிற்றைத் தொட்டாள். பிறகு ஒரு பக்கமாகக் கையை நீட்டி, போ போ என்று விரட்டினாள். உதடு அதோடு சேர்ந்து அசைந்தது. முத்துத்தாய் அதைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொன்னாள்.

"வெயில்ல நிக்காத... முத்து, வெயில்ல நிக்காத. பிள்ளைக்கு ஆகாது. நெழலுக்குப் போ."

முதலாளி நனைந்த சாக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார், வேட்டியெல்லாம் தண்ணீர்.

"அம்புட்டுத்தானா?" என்றாள் முத்துத்தாய். சிரித்தாள். "அட கூறுகெட்ட மனுசா! இதச் சாயங்காலம் வீட்டுல வச்சுச் சொன்னா என்ன? இதுக்கா என்னைய இருவது வருசம்..." என்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பரளச்சிப் பெண்கள் வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

நான் குரலுக்கு எதிரி ஆகிவிடவில்லை. அடுத்த நாளும் மோட்டார் போட்டு, சங்கு முரசோடு அதே படத்தை ஓட்டினேன், ஜனம் ரசித்தது. புதுசு என்றால் இன்றைக்கும் எனக்கு உயிர்தான். ஆனால் அந்த மூன்றாம் சுருள் வரும்போது மட்டும் நான் ஒலியை அணைத்துவிட்டுக் கைப்பிடியைப் போடுவேன். கேட்டவர்களிடம் ஏன் என்று சொல்வதில்லை.

அன்றைக்கு அத்தோடு முடியவில்லை. அழகுத்தாய் அழவில்லை. தாயின் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். தன் வயிற்றைத் தொட்டு, இரண்டு கையையும் குழந்தை ஏந்துவது போல வைத்து ஆட்டி, எந்தப் பிள்ளை என்று புருவத்தால் கேட்டாள். முத்துத்தாய் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மகளின் நெஞ்சில் விரலை வைத்தாள்.

"நீதான்டி. வேற யாரு?"

அந்தப் பெண் குனிந்து, விரல் பட்ட இடத்தைப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள். கையால் சுற்றிக் காட்டினாள், இன்னொரு தடவை என்று.

நான் முதலாளியைப் பார்த்தேன். அவரே போய்க் கதவைச் சாத்தினார்.

இந்தத் தடவை அவள் உட்காரவில்லை. நேரே திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். புழுதி எழுந்து இறங்கியது, ஆட்கள் நடந்து வந்தார்கள், தவசி விழுந்தான். அவன் முகம் அவளைவிடப் பெரிதாக வந்து, அவளை நேரே பார்த்து, நிதானமாகச் சொன்னது. அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் சொல்லி முடித்ததும், சரி என்று தலையை ஆட்டினாள். எனக்குக் கண் மறைத்தது. கை நின்றால் படம் எரிந்துவிடும் என்பதால் அழுதுகொண்டே சுற்றினேன்.